கிள்ளியாற்றைத் தாண்டும் கம்பி

வலியசாலை, திருவனந்தபுரம்
12 மார்ச் 1999

அன்புள்ள மங்கலத்துக்கு,

அண்ணன் வேலப்பன் எழுதுவது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசையில் போட்டிருப்பாய். மாப்பிள்ளை பிரித்துத் தந்திருந்தால் அவருக்கு என் நன்றி. போன் செய்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்று சொல்லிவிடுகிறாய். நீ கல்யாணமாகிப் பம்பாய் போன நாள் முதல் நமக்குள் நடக்கும் பேச்சு அவ்வளவுதான். கடிதம் என்றால் முடிகிறவரைக்கும் நீ குறுக்கே பேச முடியாது.

அம்மா சுகம். தெருவெல்லாம் அடுப்பாக இந்த வருடப் பொங்காலையும் நல்லபடியாக முடிந்தது. முதல் நாளே தெருத்தெருவாகப் போய்த் தாழ்ந்து கிடந்த கேபிளையெல்லாம் தூக்கிக் கட்டினோம். நாம் கேபிள் டிவி தொடங்கிய முதல் வருடம் ஒரு அம்மா நேர் கீழே அடுப்பு மூட்டி, கம்பி உருகி, நாலு தெருவில் படம் நின்று போனது நினைவிருக்கிறதா? நீதான் அந்த அம்மாவிடம் போய், "பொங்கட்டும் அக்கா, அவசரமில்ல" என்று பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டு வந்தாய். நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்டர்நெட் சர்வீஸைத் தனியாரும் நடத்தலாம் என்று லைசென்ஸ் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது இங்கே இன்டர்நெட் வேண்டுமென்றால் டெலிபோனில்தான் பிடிக்க வேண்டும். அரை மணி கிர்கிர் என்று கத்திவிட்டு அறுந்து போகும். பில் மட்டும் அறுந்து போகாது. நம் கேபிளோ ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது. வழியில் உள்ள ஆம்பிளிஃபயர்களை மாற்றி, டெலிபோன் இலாகாவிடம் ஒரு லீஸ்டு லைன் வாடகைக்கு எடுத்தால், அதே கம்பியில் இன்டர்நெட்டும் ஓடும். எறணாகுளத்தில் ஒரு நிதி நிறுவனம் இப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு முதல் போடுகிறதாம். அங்கேயிருந்து சுனில் என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டு, புராஜெக்ட் ரிப்போர்ட் கேட்டிருக்கிறார்.

எனக்குக் கம்பி தெரியும், ரிப்போர்ட் தெரியாது. நீ ஆடிட்டர் ஆபீஸில் தினமும் அதைத்தானே செய்கிறாய். எழுதித் தருவாயா?

அன்புடன்,
வேலப்பன்


டோம்பிவிலி, பம்பாய்
30 மார்ச் 1999

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்தான் பிரித்தேன்.

ரிப்போர்ட் எழுதித் தருகிறேன். வெளியாட்களுக்கு எழுதுவதுபோலவே எழுதுவேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது. மாடியில் டிஷ்ஷை நிறுத்தியது முதல் என் கல்யாணம் வரை அந்தக் கேபிளில் நானும் அலைந்தேன். வீடு வீடாகப் போய் இணைப்புப் பிடித்தது நான். கல்யாணத்துக்கு முந்தின வாரம், "பம்பாயில் இருந்தாலும் நானும் கூட்டாளியாக இருக்கிறேன்" என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த நீங்கள் இலையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "கெட்டிப் போறவளுக்குக் கேபிள் என்னத்துக்கு?" என்றீர்கள். பரிமாறிக்கொண்டிருந்த மைனி சிரித்தாள். நீங்கள் மோர் கேட்டீர்கள்.

இனி ரிப்போர்ட். நிதி நிறுவனம் முதலில் கேட்பது, கம்பி எந்த வழியாகப் போகிறது, அந்த வழிக்கு யாரிடம் என்ன உரிமைப் பத்திரம் இருக்கிறது என்பதுதான். பணம் போடுகிறவர்கள், நாளை ஒருவர் கம்பியை அறுத்தால் என்ன செய்வது என்றுதான் யோசிப்பார்கள். உங்களிடம் உள்ள பத்திரங்களின் நகலை அனுப்பவும்.

அம்மாவை மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல்லவும்.

மங்கலம்


வலியசாலை
2 மே 1999

அன்புள்ள மங்கலத்துக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்' போட்டிருக்கிறாய். எனக்கு வருமான வரி நோட்டீஸ் வந்ததுபோல ஆகிவிட்டது. மோர் கேட்டது நினைவில் இல்லை. நீ சொன்னால் கேட்டிருப்பேன்.

பத்திரம் என்று கேட்டிருக்கிறாய். நம்மிடம் என்ன பத்திரம் இருக்கிறது? தென்னை மரம் இருக்கிறது, பலா மரம் இருக்கிறது, நாலைந்து மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் இருக்கிறது. கம்பத்தில் கட்டினால் வாடகை கட்டுப்படியாகாது என்று மரத்துக்கு மரம்தானே இழுத்தோம். யார் பத்திரம் எழுதினார்கள்?

உனக்குக் கடிதம் எழுதத் தொடங்கியதிலிருந்து அந்த நாட்கள்தான் மனதில் ஓடுகின்றன. கேபிள் சுருளை ஆட்டோவில் வைத்து, இரண்டு பக்கமும் நாம் கால் வெளியே நீட்டி உட்கார்ந்து சாலைக் கடைத்தெரு வழியாகக் கொண்டுவந்தது. கிள்ளியாற்றுக்கு இந்தப் பக்கம் ஆற்றங்கரை வீட்டுச் சரஸ்வதியம்மாள் அத்தையின் தென்னை, அந்தப் பக்கம் பலா. ஆற்றைத் தாண்டினால்தான் பாதி வீடு நமக்கு. நான் இந்தக் கரையில் ஏணியில் நிற்கிறேன், கீழே ஆறு மழையில் நிறைந்து போகிறது. நீ ஏற வேண்டும் என்று அடம் பிடித்தாய். ஆட்கள் பார்ப்பார்கள் என்று, "நீ ஏணியப் பிடி, போதும்" என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிடித்தாய், ஆனாலும் ஏணி அசையவில்லை. அதற்குப் பிறகு யார் ஏணி பிடித்தாலும் கீழே பார்த்துப் பார்த்துத்தான் ஏறுகிறேன். நீ இல்லாமல் இந்தத் தொழிலில் ருசியே இல்லை மங்கலம்.

பத்திரம் இல்லையென்றால் பணம் இல்லை என்று சுனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறு தாண்டும் இடம்தான் முக்கியமாம். ஜூலையில் நேரில் வருகிறார். எல்லோரிடமும் கையொப்பம் வாங்க ஒரு வாசகம் எழுதி அனுப்பு.

வேலப்பன்


டோம்பிவிலி
21 மே 1999

அண்ணனுக்கு,

ரிப்போர்ட்டும் ஒப்பந்த வாசகமும் இத்துடன். ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் டைப் செய்துகொள்ளவும். ஒருவர் சும்மா தருகிறேன் என்றால் சட்டத்தில் நிற்காது. அதனால் மரம் ஒன்றுக்கு வருடம் நூறு ரூபாய் வாடகை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் கம்பி போகும் பாதையை வரைய வேண்டியிருந்தது. நேற்று மாலை உட்கார்ந்து, ஒரு மரம் விடாமல் மனதாலேயே வரைந்தேன். சரஸ்வதியம்மாள் அத்தையின் மரம் வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர். அத்தை இன்னும் அந்த மரத்தடிக் கல்லில்தான் துணி துவைக்கிறாளா?

மங்கலம்


வலியசாலை
18 ஜூன் 1999

அன்புள்ள மங்கலத்துக்கு,

காரியம் கெட்டுப் போச்சு.

முதலில் அத்தையிடம்தான் போனேன். முத்திரைத்தாள், பேனா, மை டப்பா எல்லாம் எடுத்துக்கொண்டு, சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். உட்காரச் சொன்னாள். காப்பி தந்தாள். நானே தாளைப் படித்துக் காட்டினேன். நூறு ரூபாய் என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்க மரத்துக்கு வாடகையா வேலப்பா? ஒனக்க தங்கச்சி கேட்டா, குடுத்தேன். நீ இப்போ வெலை பேச வந்திருக்க. கம்பிய அவுத்து எடுத்துக்கிட்டுப் போ."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை மங்கலம். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தாளை மடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். மழை வேறு பிடித்துவிட்டது.

அதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. இன்னொரு மரத்துக்காரி முத்தாரம்மாள் வீட்டில் முத்திரைத்தாளைப் பார்த்ததுமே, மரம் நிற்கிற மண்ணை எழுதி வாங்க வந்திருக்கிறேன் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். இத்தனை வருடம் "வா மக்களே" என்று கூப்பிட்ட வீடுகள். ஒரு தாள், எல்லாம் போயிற்று.

அத்தை அவிழ்க்கச் சொன்னாளே தவிர, நான் இன்னும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் முழுக்க இருட்டு. சுனில் வரும்போது பாதி லைன் செத்துக் கிடந்தால் யார் பணம் தருவார்கள்? கவுன்சிலரைப் பார்த்து அத்தையிடம் பேசச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். லைசென்ஸுக்கு மனு போட்டாயிற்று. சிட்டிச் சீட்டு பிடித்த பணத்தையும் ஆம்பிளிஃபயருக்கு முன்பணமாகக் கொடுத்தாயிற்று. உடனே பதில் போடு.

வேலப்பன்


டோம்பிவிலி
26 ஜூன் 1999

அண்ணா,

கவுன்சிலரும் வேண்டாம், கலெக்டரும் வேண்டாம். நீ போய் அந்தக் கம்பியை அவிழ். ஆளை அனுப்பாதே, நீயே ஏறி அவிழ்.

அவிழ்க்கும்போது ஒரு வார்த்தை பேசாதே. தந்தவள் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நூறு ரூபாய் வரி நான் எழுதியது. அதுதான் எனக்கு ஆறவில்லை. சும்மா தந்தால் சட்டத்தில் நிற்காது என்று உனக்கு எழுதினேனே, அத்தையின் மரம் இத்தனை காலமும் எந்தச் சட்டத்தில் நின்றது? அவளை எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். இந்த ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இப்படி ஆகிவிட்டது.

அத்தை எப்படி மரத்தைத் தந்தாள் என்று உனக்குத் தெரியவே தெரியாது. நீ கேட்கவும் இல்லை. மூன்று நாள் அவள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவினேன். கம்பியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கேட்டாள், "என்ன வேணும் மக்களே?" சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். தேங்காய் வெட்டுகிற அன்றைக்கு நம் ஆள் யாராவது வந்து கம்பியை அவிழ்த்துத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், வெட்டி முடிந்ததும் திரும்பக் கட்ட வேண்டும். மேலே நிற்கிற மரமேறி கம்பியில் சிக்கி விழுந்துவிடக் கூடாது என்று அவளுக்குப் பயம். ஒவ்வொரு வெட்டுக்கும் நான் போனேன். மரமேறி அவிழ்த்துத் தருவான், நான் கீழே பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளும் நானும் பேசிக்கொண்டே நிற்போம்.

நான் இங்கே வந்த பிறகு யார் போனார்கள் அண்ணா? யாரையாவது அனுப்பினாயா?

மங்கலம்


வலியசாலை
15 ஜூலை 1999

அன்புள்ள மங்கலத்துக்கு,

'நீ' என்று எழுதியிருந்தாய். திட்டுதான் என்றாலும் இரண்டு முறை படித்தேன்.

யாரும் போகவில்லை. அப்படி ஒரு காரியம் உண்டென்றே எனக்குத் தெரியாது.

நீ சொன்னபடி நானே ஏறினேன். கம்பியை எதில் கட்டியிருந்தது தெரியுமா? நாம் கட்டிய நைலான் கயிறு எப்போதோ இற்றுப் போயிருக்கிறது. சேலைத் துணி, மங்கலம். கிழித்து முறுக்கிய சேலைத் துணி. உள்ளே வெளுத்துப் போன பச்சை, அதன் மேல் மாம்பழ மஞ்சள், அதற்கும் மேலே நீலம், ஒன்று நைய நைய இன்னொன்று போட்டுச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. நீலச் சேலை போன ஓணத்துக்கு அத்தை உடுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். பிறகு மரமேறியைப் பிடித்துக் கேட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள்தான் கீழே நின்று கம்பியைப் பிடித்திருக்கிறாள், முடிந்ததும் மேலே கட்டச் சொல்லியிருக்கிறாள். "மங்கலத்துக்க கம்பி, முறுக்கிக் கெட்டு" என்பாளாம். அவள் வீட்டில் டிவியே கிடையாது.

முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் அவிழ்த்தேன். துணியை மடித்து அவள் துவைக்கிற கல்லில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நான் சாலைக்கு ஏறும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

"கம்பிய மங்கலம் வந்து கெட்டட்டு. அவளுக்குன்னா ஒப்பும் போடுதேன். வாடகை வேண்டாம்."

மறுநாளே முத்தாரம்மாள் வீட்டிலும் அதையே சொன்னார்கள். மங்கலத்தின் பெயருக்கென்றால் எழுதித் தருகிறார்களாம்.

சுனில் வந்தார். ஆற்றங்கரையில் நின்று தொங்குகிற கம்பியைப் பார்த்தார். நான் எதையும் மறைக்கவில்லை. அவர் கெட்டிக்காரர், சிரித்துக்கொண்டே வழி சொன்னார். மரக்காரர்களெல்லாம் தங்கையின் பெயருக்கு எழுதித் தரட்டும், தங்கை அந்த உரிமையை உங்களுக்கு விட்டு ஒரு பவர் பத்திரம் அனுப்பினால் போதும், அவர் வரவே வேண்டாம், கம்பெனியில் அவர் பெயரும் வேண்டாம் என்றார். ஓணத்துக்குள் கொடுத்தால் முதல் தவணைப் பணம் வந்துவிடுமாம். இல்லையென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

அனுப்பு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. படம் வராத அந்தக் கரைக்காரர்கள் தினமும் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

வேலப்பன்


டோம்பிவிலி
27 ஜூலை 1999

அண்ணா,

பவர் பத்திரம் இத்துடன் இருக்கிறது. நோட்டரி முத்திரை வைத்து, இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். சுனிலிடம் கொடு.

நீலச் சேலையைப் படித்ததும் ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். பக்கத்து மேசைக்காரி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். என்னவென்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது?

கெட்டிப் போனவளுக்குக் கேபிள் எதற்கு என்று இனி நானே சொல்லிக்கொள்கிறேன். உன் கம்பெனி நன்றாக நடக்கட்டும்.

மங்கலம்


வலியசாலை
9 ஆகஸ்ட் 1999

அன்புள்ள மங்கலத்துக்கு,

உன் பவர் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். முத்திரைத்தாள் காசு வீண்தான், என்னிடம் வாங்கிக்கொள்.

பத்திரம் வந்த அன்று அதை எடுத்துக்கொண்டு எறணாகுளத்துக்குக் கிளம்பினேன். தம்பானூர் ஸ்டேஷனில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பிளாட்பாரத்தில் நின்று உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். 'உன் கம்பெனி' என்று எழுதியிருக்கிறாய். வண்டி வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. எனக்குக் கம்பி இழுக்கத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆளுக்கு ஆள் இழுத்துக் கட்டியது நீ. நான் மரத்தில் முடிச்சுப் போட்டேன், அதுவும் இற்றுப் போயிற்று.

பம்பாய்க்கு எழுதாமல் நானாக ஒரு காரியம் செய்துவிட்டேன். கம்பெனிக்கான மனுவை மாற்றி எழுதினேன். இரண்டு டைரக்டர், ஆளுக்குப் பாதி. முதல் பெயர் உன்னுடையது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். சுனிலிடம் போனில் சொன்னேன். பம்பாயில் இருக்கிற ஆளை நம்பி எப்படிப் பணம் போடுவது, ஒப்புப் போட வேண்டியவர் ஓணத்துக்குள் வருவார் என்று என்ன உறுதி என்றார். உறுதி இல்லை என்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பணம் வராமல் போனால் போகட்டும். பத்து வீட்டில் தொடங்கினாலும் இரண்டு பெயரில்தான் தொடங்குவேன்.

மாப்பிள்ளையிடம் நான் பேசட்டுமா? நீ இங்கேயே இருந்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே இருந்துகொண்டே கணக்கைப் பார். நீ கேட்டது அதுதானே.

அம்மா ஓணத்துக்கு உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாள். நான் சொல்லி அல்ல.

உன் அண்ணன்,
வேலப்பன்


டோம்பிவிலி
16 ஆகஸ்ட் 1999

அண்ணா,

ஜயந்தி ஜனதா ரயிலில் டிக்கெட் கிடைத்துவிட்டது. ஓணத்துக்கு முந்தின நாள் வந்து சேருவேன். விடுமுறை கேட்டதற்கு முதலாளி முகம் சுளித்தார், நான் கவனிக்கவில்லை. "போய்க் கட்டிவிட்டு வா" என்று உன் மாப்பிள்ளை சொல்லிவிட்டார், நீ ஒன்றும் பேச வேண்டாம். பென்சில் புள்ளியை அழிக்காமல் வை.

அத்தைக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறேன், நீலம். அவளிடம் சொல்லாதே. வந்ததும் முதலில் அவள் அடுக்களைக்குப் போவேன். சுனில் காத்திருக்கட்டும், முத்திரைத்தாளும் காத்திருக்கட்டும். துருவத் தேங்காய் இருக்கும்.

நான் வருகிறவரை கம்பியைக் கட்டிவிடாதே. அந்தக் கல்லில் வைத்த துணியை அத்தை எடுத்து வைத்திருப்பாள், எனக்குத் தெரியும். அதிலேயே கட்டலாம். ஏணியைக் கழுவி வை. ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும், நான்தான் ஏறப் போகிறேன்.

நீ ஏணியப் பிடி, போதும்.

மங்கலம்